பழைய மாடல் போன் வாங்கும் முன் ஏலமலைக்காரர்கள் பார்க்க வேண்டியவை

போடிநாயக்கனூரில் விடியும் முன்பே ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடுகின்றன. பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களில் பலரிடம் இப்போது டச் போன் இருக்கிறது. கூலி வங்கியில் ஏறியதா என்று பார்ப்பதும், பிள்ளையின் பள்ளிக்கூடச் செய்தியைப் படிப்பதும் அதில்தான். ஏல மையத்தில் அன்றைக்குக் காய் என்ன விலைக்குப் போனது என்று சிறு விவசாயி தெரிந்துகொள்வதும் அதில்தான். புதுப் போனுக்குப் பணம் ஒதுக்க முடியாத வீடுகள், கம்பெனி தயாரிப்பை நிறுத்திவிட்ட பழைய மாடலைத் தேடுகின்றன. அதில் தவறே இல்லை. ஒரு காலத்தில் உயர்ந்த விலைக்கு விற்ற போனின் கேமராவும் திரையும் இன்றைய மலிவு விலைப் புதுப்போனைவிட நன்றாகவே இருக்கக்கூடும்.

கடையில் நமக்குக் காட்டப்படுவதும் அந்தக் கேமராவும் திரையும்தான். போன் எத்தனை காலம் உழைக்கும் என்பதை முடிவு செய்கிறவை வேறு இரண்டு. கம்பெனி அதற்கு இன்னும் பாதுகாப்பு அப்டேட் அனுப்புகிறதா? நாம் வேலை செய்கிற சரிவில் கிடைக்கும் டவரின் அலை அந்தப் போனுக்குப் பிடிபடுமா?

எல்ஜி விங் என்ற போனை எடுத்துக்கொள்வோம். 2020 அக்டோபரில் இந்தியாவில் 69,990 ரூபாய்க்கு அறிமுகமானது. 2021 ஏப்ரல் 5 அன்று, கைப்பேசித் தொழிலையே விட்டு விலகுவதாக எல்ஜி அறிவித்தது. அதே மாதம் ஃபிளிப்கார்ட்டில் அந்தப் போன் 29,999 ரூபாய்க்கு வந்தது. விலை பாதிக்கும் கீழே இறங்கியதும் பலருக்கு ஆசை வந்தது இயல்புதான். சில ஆண்டுகள் அப்டேட் தருவதாகச் சொன்ன எல்ஜி, 2025 ஜூன் 30 உடன் அந்தச் சேவையையும் மூடிவிட்டது. இன்று யாராவது அந்தப் போனைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினால், உள்ளே இருக்கிற மென்பொருளோடுதான் கடைசிவரை ஓட்ட வேண்டும்.

ஐபோன் 4-க்கும் இப்படித்தான் நடந்தது. 2013 செப்டம்பரில் ஆப்பிள் அதை நிறுத்தியது. 2014 தொடக்கத்தில் இந்தியச் சந்தைக்குக் குறைந்த விலையில் மறுபடி கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 8 அந்தப் போனுக்குக் கிடைக்கவில்லை. புதிது என்று நம்பி வாங்கியவர் ஓர் ஆண்டு முடிவதற்குள் பின்தங்கிப்போனார்.

அப்டேட் நின்றால் போன் அன்றைக்கே கெட்டுப்போகாது என்பதால் பலர் இதை அலட்சியம் செய்கிறார்கள். ஆண்ட்ராய்டில் அந்தந்த மாதம் கண்டுபிடித்து அடைத்த ஓட்டைகளின் பட்டியலைக் கூகுள் வெளியிடுகிறது. அதைத் திருடனும் படிக்கிறான். அப்டேட் வராத போனில் அந்த ஓட்டை திறந்தே கிடக்கும் என்பது அவனுக்குத் தெரியும். கூகுள் பே, போன்பே, வங்கிச் செயலி எல்லாம் அந்தப் போனில்தான் இருக்கின்றன. செயலிகளும் ஒவ்வொன்றாக விலகும். 2025 மே மாதம் வாட்ஸ்அப், ஐஓஎஸ் 15.1-க்குக் கீழே உள்ள ஐபோன்களைக் கைவிட்டது. ஐபோன் 5எஸ், 6, 6 பிளஸ் வைத்திருந்தவர்களுக்கு அதோடு வாட்ஸ்அப் போயிற்று.

ஆகவே கடையிலேயே போனின் செட்டிங்ஸைத் திறந்து, ‘அபவுட் போன்’ பகுதியில் செக்யூரிட்டி அப்டேட் தேதியைப் பாருங்கள். ‘புது அப்டேட் இருக்கிறதா’ என்று தேடும் பொத்தானையும் அழுத்துங்கள். தேதி ஓராண்டுக்கு மேல் பழையதாக இருந்து, புதிதாக எதுவும் வரவில்லை என்றால், அந்தப் போனில் வங்கிக் கணக்கை இணைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பாட்டு கேட்கவும் பேசவும் மட்டும் என்றால் வாங்கலாம். விலையும் அதற்குத் தக்கபடி இருக்க வேண்டும். சீல் பிரிக்காத பழைய ஸ்டாக் என்றால், பெட்டியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் படியுங்கள். பெட்டிக்குள் கிடந்தாலும் பேட்டரிக்கு வயதாகும்.

அடுத்தது டவர். போடி பஸ் ஸ்டாண்டில் எல்லாச் சிம்மும் எடுக்கும். போடிமெட்டு தாண்டி உள்ளே போனால் ஒரு வளைவுக்கு ஒரு கம்பெனிதான் கிடைக்கும். 2025 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்குமாகத் தொடங்கிவைக்கப்பட்ட பிஎஸ்என்எல் 4ஜி, 700 மெகாஹெர்ட்ஸ் அலையையும் பயன்படுத்துகிறது. தாழ்ந்த அலை என்பதால் அது அதிக தூரம் போகும். மரமும் மேடும் நிறைந்த இடத்துக்கு ஏற்றது. ஆனால் போனில் ‘பேண்ட் 28’ இருந்தால்தான் அது கிடைக்கும். பழைய மாடல்கள் பலவற்றில் அது இல்லை. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. போனில் 4ஜி வழியாகவே பேச உதவும் வோல்டி வசதி இல்லையென்றால் ஜியோ சிம்மில் நேரடியாகப் பேசவே முடியாது. ஒவ்வொரு சிம் நிறுவனத்துக்கும் உரிய வோல்டி அமைப்பைப் போன் கம்பெனிதான் அப்டேட்டில் அனுப்ப வேண்டும். நிறுத்தப்பட்ட மாடலுக்கு அதை இனி யார் அனுப்புவார்கள்? மழைக்காலத்தில் மலைச்சாலையில் மண் சரிந்தால், தோட்டத்தில் யாருக்காவது பாம்பு தீண்டினால், அந்த ஒரு அழைப்பு போயாக வேண்டும். கடைக்காரரிடம் இப்படிக் கேளுங்கள்: “அண்ணே, ரெண்டு நாள் மேலே தோட்டத்துல போட்டுப் பாத்துட்டு வர்றேன். எடுக்கலைன்னா திருப்பி வாங்கிக்கிறேன்னு பில்லுல எழுதிக் குடுங்க.” எழுதித் தர மனமில்லாதவரிடம் வாங்க வேண்டாம்.

அந்தப் பில்தான் உங்கள் பலம். “பில் போட்டா விலை ஏறும்க்கா” என்ற பேச்சுக்கு மயங்கக் கூடாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். பழைய, பழுதுபார்த்த பொருளைப் புதியது என்று சொல்லி விற்பதும் அப்படியே. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பலகை மாட்டியிருந்தாலும், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம்தான். காலம் எதுவும் சொல்லப்படாவிட்டால் 30 நாள். பில்லில் மாடல் பெயர், போனின் அடையாளமான ஐஎம்இஐ எண், செகண்ட் ஹேண்டா அல்லது பழுதுபார்த்ததா என்ற விவரம், எத்தனை மாத உத்தரவாதம் என்பவை இருக்கட்டும்.

கேரள எல்லை தாண்டி உழைக்கிற போடி மக்களுக்கு இந்தச் சட்டம் தந்த பெரிய நன்மை ஒன்று உண்டு. 1986-ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தில், பூப்பாறைக் கடையில் வாங்கிய பொருளுக்கு இடுக்கி மாவட்டத்துக்கே போய் வழக்குப் போட வேண்டியிருந்தது. இப்போது நீங்கள் குடியிருக்கிற இடத்திலேயே, அதாவது தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். வாங்கிய பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தால் போதும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் பாருங்கள். இணையக் கடையில் வாங்கியிருந்தால், அவர்களுடைய குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு விதி.

தெரிந்தவர், கூட வேலை செய்பவர் என்று தனி ஆளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அவர் வியாபாரி அல்ல. அங்கே ஆபத்தும் அதிகம். *#06# அழுத்தினால் ஐஎம்இஐ எண் தெரியும். KYM என்று டைப் செய்து, ஓர் இடம் விட்டு, அந்த 15 இலக்க எண்ணைச் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். அந்த எண் முடக்கப்பட்டதா என்பது தெரிந்துவிடும். திருட்டுப் போனில் உங்கள் சிம்மைப் போட்டால் காவல்துறைக்குத் தடம் கிடைக்கும். போன் பறிபோகும், கொடுத்த பணமும் திரும்பாது, விசாரணைக்கும் அலைய வேண்டும். தவணைக் கடன் பாக்கி இருக்கிற போனை நிதி நிறுவனம் தூரத்திலிருந்தே பூட்டிவிடுவதும் உண்டு. விற்கிறவரின் கூகுள் கணக்கையோ ஆப்பிள் கணக்கையோ உங்கள் கண் முன்னாலேயே நீக்கச் சொல்லி, போனை அழித்து, உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

ஏற்கெனவே அப்டேட் நின்ற போன் ஒன்று கையில் இருந்து, அதன் வழியாகப் பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டு ஒளிக்க வேண்டியதில்லை. உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். உங்கள் கவனக்குறைவோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாமவர் செய்த மோசடி என்றால், வங்கி தகவல் தந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு இல்லை என்ற விதியை 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்தது. மேலே டவர் கிடைக்காமல் குறுஞ்செய்தி தாமதமாக வந்தால், அது வந்து சேர்ந்த நேரத்தையும் குறித்து வையுங்கள்.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், ஒரு போனுக்கு எந்தத் தேதி வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு என்பதைத் தயாரிப்பாளர் சொல்லியே ஆக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் மாடல்களுக்கு, விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டு அப்டேட் தர வேண்டும். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி கேட்டு வாங்கப் பழகிய நாம், போன் பெட்டியிலும் அந்தத் தேதியை அச்சிடச் சொல்லிக் கேட்க வேண்டும். 1915-க்கு அழைக்கும்போது இந்தக் கோரிக்கையையும் சேர்த்தே பதிவு செய்யச் சொல்லுங்கள்.