சலூன் கொப்பியில் முகம்மது அலியின் எதிராளிகள்

1974 ஒக்டோபர் 30, புதன்கிழமை. கின்ஷாசாவில் விடிவதற்கு முன், நான்கு மணிக்கு, முகம்மது அலியும் ஜோர்ஜ் ஃபோர்மனும் மேடையேறினார்கள். அந்த நேரம் நம் மலைநாட்டில் காலை எட்டரை. பெரட்டு முடிந்து அம்மா கூடையோடு மலைக்குப் போய், நிரை பிடித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். எட்டாவது சுற்றில் ஃபோர்மன் விழுந்த சேதி, டிக்கோயாப் பக்கத்தில் இருக்கும் எங்கள் லயத்துக்கு மாலை ரேடியோச் செய்தியில்தான் வந்தது. எப்படி விழுந்தார் என்று அறிய வீரகேசரி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

2025 செப்டெம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. லாஸ் வேகாஸில் சனி இரவு; இங்கே காலை. அதே லயத்தின் இஸ்தோப்பில் என் தங்கை மகன் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்திருந்தான். கனெலோ அல்வாரெஸும் டெரன்ஸ் குரோஃபோர்டும் மோதிக்கொண்டிருந்தார்கள். அங்கே விழும் குத்து, சில நொடிகளில் இங்கே தெரிந்தது. அவனைச் சுற்றி இரண்டு சிநேகிதர்கள். வாசற்படியில் அவன் தங்கச்சி.

ஐம்பத்தொரு வருடத்தில் சேதி வரும் வேகம் இவ்வளவு மாறியிருக்கிறது. சேதியைச் சுற்றி நடக்கும் வாதம் மட்டும் அன்று கேட்டதுதான். “இவன் கடைசியா அடிச்சவனுங்க எல்லாம் ஒரு ஆளா?”

அந்தக் கேள்வியை நான் முதலில் கேட்டது ஹட்டன் டவுனில், ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் இருந்த ஒரு சலூனில். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா என்னை முடிவெட்டக் கூட்டிப்போவார். வெட்டுவதற்குப் பத்து நிமிடம் போதும். நாங்கள் இருப்பது இரண்டு மணி நேரம். கண்ணாடியின் விளிம்பைச் சுற்றிப் பத்திரிகையில் வெட்டிய அலியின் படங்கள் ஒட்டியிருக்கும். பேப்பரை ஒருவர் உரக்க வாசிப்பார், எழுத்தறியாதவர்களும் கேட்பார்கள். வாசித்து முடிந்ததும் சலூன் அண்ணன் லாச்சியைத் திறந்து ஓர் அப்பியாசக் கொப்பியை எடுப்பார்.

அந்தக் கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. கோடு போட்ட தாளில் நான்கு நிரல்: பெயர், ஊர், திகதி, தரம். தரம் மூன்றே வகை: நல்ல ஆள், பரவாயில்லை, சும்மா. சண்டைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாகப் பேசித் தரத்தை முடிவு செய்வார்கள். ஆதாரம் என்று கையில் இருந்தது கொஞ்சம்தான். பேப்பரில் வந்த நான்கு வரி, புள்ளி புள்ளியாக மங்கிய ஒரு படம், பங்களாவில் வேலை செய்த ஒருவர் கொண்டுவரும் பழைய ஆங்கிலப் பத்திரிகை. அப்புறம் எடை. அப்போது கொழுந்தும் இறாத்தலில்தான் நிறுத்தார்கள். ஃபோர்மன் 220 இறாத்தல் என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, எத்தனை கூடைக் கொழுந்து என்று தோளுக்கே தெரியும். 73லும் 74லும் தோட்டங்களில் பஞ்சம். மரவள்ளியும் கீரையுமாகத் தின்று எலும்பு தெரிந்த மனிதர்கள் அந்தப் பெரிய உடம்புகளைப் பற்றி அவ்வளவு அக்கறையாகப் பேசியதை இன்று நினைத்தாலும் எனக்கு மனம் கனக்கிறது.

1975 மார்ச்சில் சக் வெப்னர். தரம்: சும்மா. பக்கத்தில் சிறிய எழுத்தில், ‘9ஆம் ரவுண்டில் அலி விழுந்தார்’ என்று பிறகு சேர்த்திருக்கிறார். மே மாதம் ரொன் லைல், நல்ல ஆள். ஜூலையில் கோலாலம்பூரில் ஜோ பக்னர், பரவாயில்லை. ஒக்டோபர் முதலாம் திகதி மணிலாவில் ஜோ ஃபிரேசியர். தரம் எழுதவே இல்லை, பெயருக்கடியில் இரண்டு கோடு மட்டும். தோட்டக் கம்பனிகளை அரசாங்கம் எடுத்ததும் அந்த மாதம்தான். சலூனில் அதைப் பற்றியும் பேசியிருப்பார்கள். என் நினைவில் நிற்பது பதினாலு சுற்று முடிந்ததும் மூலையிலேயே நிறுத்தப்பட்ட ஃபிரேசியரைப் பற்றிய பேச்சு.

அடுத்த பக்கம் 1976. பெப்ரவரி 20 கூப்மன், ஏப்ரல் 30 ஜிம்மி யங், மே 24 ரிச்சர்ட் டன். நூறு நாளுக்குள் மூன்று சண்டை, மூன்றுக்கும் ‘சும்மா’. அந்த வருடம் சலூனில் சூடு அதிகம். அலி ஆள் பார்த்துப் பொறுக்குகிறார், காசுக்காக நோஞ்சான்களை அடிக்கிறார் என்று ஒரு கட்சி. சாம்பியன் என்றால் நல்லவனோடும் மோதுவான், நடுவில் மற்றவனோடும் மோதுவான் என்று இன்னொரு கட்சி. இது அலியோடு தொடங்கிய வழக்கும் இல்லை. 1940 டிசம்பரிலிருந்து ஜோ லூயிஸ் மாதம் ஒருவரை மேடையேற்றி அடித்தபோது, ‘மாதத்துக்கு ஒரு நோஞ்சான்’ என்று அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் பெயர் வைத்தார்கள். அந்த வரிசையின் முடிவில் 1941 ஜூனில் வந்த பில்லி கொன், பன்னிரண்டு சுற்று வரை லூயிஸைப் புள்ளியில் முந்தி நின்றார்.

கொப்பியில் நான் அடிக்கடி பார்ப்பது ஜிம்மி யங்கின் வரியைத்தான். நீல மையில் ‘சும்மா’. அதன்மேல் ஒரு கோடு. பக்கத்தில் கறுப்பு மையில் ‘நல்ல ஆள்’. அன்று அலி 230 இறாத்தல், அதுவரை இல்லாத பருமன். யங் பதினைந்து சுற்றும் நின்றார். தோல்வி அவருக்கு என்று நடுவர்கள் சொன்னதைப் பலர் ஏற்கவில்லை. ஆனாலும் சலூன் அண்ணன் அப்போது தரத்தை மாற்றவில்லை. மறு வருடம் மார்ச்சில் அதே யங் ஃபோர்மனையும் வென்ற பிறகுதான் கறுப்புப் பேனாவை எடுத்தார். பதினொரு மாதம் கழித்து ஒரு மனிதரின் பெயருக்கு எதிரே தாங்கள் எழுதியது பிழை என்று திருத்தினார்கள். சலூனில் இருந்த பன்னிரண்டு பேரும் அதற்குச் சாட்சி.

இன்று தங்கை மகனுக்குக் கொப்பி தேவைப்படவில்லை. ஒரு வீரரின் பெயரைச் சொன்னால் கை நீளம், வயது, வென்றது, தோற்றது, அவரிடம் தோற்றவர்கள் யாரிடமெல்லாம் தோற்றார்கள் என்பது வரை திரையில் எடுத்துக் காட்டுவான். 2025 மே மாதம் ரியாத்தில் கனெலோவும் வில்லியம் ஸ்கல்லும் மோதிய பன்னிரண்டு சுற்றுச் சண்டையில், இரண்டு பேரும் சேர்ந்து வீசிய குத்து 445. இப்படிக் கணக்கு வைக்கத் தொடங்கிய நாளிலிருந்து பன்னிரண்டு சுற்றுக்கு இதுதான் ஆகக் குறைவு. கனெலோவின் பங்கு 152. “சுத்துக்குப் பதிமூணு கூட இல்ல மாமா” என்றான், தன் சம்பளத்தில் யாரோ கை வைத்த கோபத்தோடு. அவன் கோபம் எனக்குப் புரிகிறது. கனெலோ டேவிட் பெனவிடெஸோடு மோத வேண்டுமென்று இவன் வயதுப் பையன்கள் பல வருடமாகக் கேட்கிறார்கள். முங்கியா வந்தார், பெர்லாங்கா வந்தார், ஸ்கல் வந்தார். பெனவிடெஸ் வரவில்லை.

கணக்கு எங்கே மாறியது என்று எனக்கு அந்தக் கொப்பியைப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஃபோர்மனை வென்றதற்கும் 1978 பெப்ரவரியில் லியோன் ஸ்பின்க்ஸிடம் தோற்றதற்கும் இடையில், நாற்பது மாதத்தில், அலி பத்துத் தடவை பட்டத்தைக் காத்தார். கூப்மன் சரியில்லையா, பத்து வாரத்தில் யங் வருவார். கனெலோ 2022 முதல் 2025 வரை நான்கு வருடமும் வருடத்துக்கு இரண்டு சண்டைதான் போட்டார். ஓர் எதிராளி சரியில்லை என்றால் இவர்களுக்கு அரை வருடம் வீண். அன்று ‘சும்மா’ என்பது ஒரு வரி. இன்று அது ஒரு பருவமே பொய்த்துப்போவது. அதனால்தான் இவர்கள் எங்களைவிடக் கடுமையாகப் பேசுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சலூனில் நான் ஒரு பெண் குரலைக் கேட்டதே இல்லை. அம்மாவுக்கு அலியின் பெயர் தெரியும், அவ்வளவுதான். இன்று வாசற்படியில் இருந்த மருமகள் அண்ணனை இடைமறித்தாள். “கேட்டி டெய்லரும் அமாண்டா செரானோவும் மூணு தடவ மோதுனாங்க. எதிராளி சரியில்லன்னு யாராவது வாயத் தொறந்தாங்களா?” பையன்கள் மூவருக்கும் பதில் வரவில்லை. மூன்றுமே டெய்லருக்கு வெற்றி; மூன்றும் அவளுக்குத் திகதியோடு மனப்பாடம். ஐம்பது வருடத்தில் எங்கள் லயத்துக்குக் கிடைத்த நன்மைகளில் இதை நான் மேலே வைப்பேன்.

குரோஃபோர்டைப் பற்றியும் பையன்கள் முதலில் சிறியவர் என்றார்கள். இரண்டு எடைப்பிரிவு கீழே இருந்து ஏறி வந்தவர், முப்பத்தேழு வயது. கனெலோ இந்தத் தடவையும் தோதான ஆளைத்தான் பிடித்திருக்கிறார் என்றார்கள். நடுவர்களின் புள்ளி 116-112, 115-113, 115-113. மூன்றும் குரோஃபோர்டுக்கு. தங்கை மகன் போனை எடுத்து எதையோ வேகமாகத் தட்டினான். காலையில் தான் எழுதியிருந்ததை அழித்தான் என்று மருமகள் பிறகு சொன்னாள். அழித்த இடத்தில் கோடு எதுவும் மிச்சமில்லை.

அன்று சண்டை பதினைந்து சுற்று. 1982 நவம்பரில் கொரியாவின் டுக் கூ கிம் மேடையில் அடிபட்டு இறந்தார். அதன்பின் உலகப் பட்டச் சண்டைகள் ஒவ்வொன்றாகப் பன்னிரண்டு சுற்றுக்கு இறங்கின. அந்த மூன்று சுற்றுக் குறைவை நான் பெரிய லாபமாகக் கருதுகிறேன். காரணம் கொப்பியில் 1977 செப்டெம்பர் 29க்கு எதிரே இருக்கிறது. எர்னி ஷேவர்ஸ். நல்ல ஆள். ஐம்பதுக்கு மேற்பட்டோரை அடித்தே வீழ்த்தியவர். அந்த ஞாயிறு சலூனில் ஒரே சந்தோஷம். எவஞ்சலிஸ்டாவைப் போல ஒரு சும்மா ஆளுக்குப் பிறகு கடைசியில் சரியான ஆள் வந்துவிட்டான் என்று பெரியவர்கள் சொன்னார்கள், பதின்மூன்று வயதில் நானும் சொன்னேன். பதினைந்து சுற்றும் ஷேவர்ஸ் அடித்தார், அலி வாங்கிக்கொண்டு வென்றார். சிறுநீரகம் கெட்டுப்போயிருக்கிறது என்று பரிசோதனை அறிக்கையைக் காட்டி, இனி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டு, வைத்தியர் ஃபெர்டி பச்சேகோ அந்தச் சண்டையோடு விலகிக்கொண்டார் என்பது எங்களுக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. 1984இல் பார்க்கின்சன் நோய் என்றார்கள். 1996இல் அட்லாண்டாவில் நடுங்கும் கையோடு அவர் ஒலிம்பிக் தீபத்தை ஏற்றியதை ரி.வி.யில் பார்த்தபோது, நல்ல ஆள் வேண்டும், நல்ல ஆள் வேண்டும் என்று கேட்ட எங்கள் குரல்தான் எனக்குக் கேட்டது.

சலூன் அண்ணனுக்கு இந்தியப் பிரஜாவுரிமை. 1982இல் அவர் குடும்பம் இந்தியாவுக்குப் போகும் முறை வந்தது. ஹட்டன் ஸ்டேஷனில் தலைமன்னாருக்குப் புறப்படும்போது கொப்பியை அப்பா கையில் கொடுத்தார். அங்கிருந்து இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம்; அதன்பிறகு கோத்தகிரிப் பக்கம் என்று ஒரு கடிதம் வந்தது, பிறகு வரவில்லை.

குரோஃபோர்ட் வென்ற அன்று மத்தியானம் கொப்பியை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். மருமகள்தான் கடைசிப் பக்கம் வரை புரட்டினாள். ‘லாரி ஹோம்ஸ், லாஸ் வேகாஸ், 1980 ஒக்டோபர்.’ பத்தாவது சுற்றோடு அலியின் மூலையிலிருந்தவர்களே சண்டையை நிறுத்திய அந்த நாள். ஹோம்ஸ் அன்று உலகத்திலேயே நல்ல ஆள். அதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது.

“இங்க தரம் போடலயே மாமா” என்றாள்.

தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பேனா முனை பட்ட ஒரு புள்ளி மட்டும் இருந்தது.