உடலின் காவலைத் தணிக்கும் மருந்துகள்

ஊருக்குக் காவல் எத்துணை அவசியமோ, அத்துணை அவசியம் உடலுக்கு நோய் எதிர்ப்பாற்றல். இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களே அக்காவலர்கள். எனினும், இக்காவலையே மருந்து கொடுத்துத் தணிக்க வேண்டிய நிலையும் சில வேளைகளில் நேருகிறது. அது ஏன் என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிதல் நலம்.

பழுதுற்ற சிறுநீரகத்திற்குப் பதிலாகப் பிறருடைய சிறுநீரகத்தைப் பொருத்தினால், வெள்ளணுக்கள் அதனை அந்நியப் பொருளெனக் கருதி அழிக்க முற்படும். 1954-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்த மாற்றுச் சிகிச்சை பலித்தது. கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே உருவ இரட்டையராயிருந்ததே காரணம். மற்றையோருக்கு மருந்தின் துணை வேண்டும். அத்துணை கொண்டே, இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை 1971-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நிகழ்ந்தது. மேலும், காவலர் தம் வீட்டையே தாக்குவதுபோல் வெள்ளணுக்கள் சொந்த உடலைத் தாக்கும் முடக்குவாதம் முதலிய நோய்களுக்கும் இம்மருந்துகள் உதவுகின்றன.

இவை வேலை செய்யும் விதம் எளிது. அந்நியனைக் கண்ட காவலன் பறையறைந்து மற்றவர்களை அழைக்கிறான் அல்லவா? சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் ஆகியவை அப்பறையை அடக்குகின்றன. அசதியோபிரின் வெள்ளணுக்கள் பெருகுவதைத் தடுக்கிறது. பிரெட்னிசோலோன் வீக்கத்தையும் அழற்சியையும் தணிக்கிறது. இவற்றுள் சைக்ளோஸ்போரின் மண்ணில் வாழும் பூசணம் ஒன்றிலிருந்து கிடைத்தது; டாக்ரோலிமஸ் 1984-இல் ஜப்பானிய மண்ணிலுள்ள நுண்ணுயிரிலிருந்து கண்டறியப்பட்டது. உழவரின் மண்ணே மருந்தும் தந்திருக்கிறது!

காவல் தளர்ந்தால் கள்வர் புகுவது எளிது. ஆகவே இம்மருந்து உண்போரைக் காசநோய் முதலிய தொற்றுகள் விரைவில் பற்றும். பிரெட்னிசோலோன் நீடித்தால் நீரிழிவும் எலும்பு மெலிவும் வரலாம். சைக்ளோஸ்போரினும் டாக்ரோலிமஸும் இரத்த அழுத்தத்தை உயர்த்துவதோடு சிறுநீரகத்திற்கே தீங்கும் செய்யக்கூடும். நெடுநாள் உண்போருக்குச் சிலவகைப் புற்றுநோய்களும் சற்று அதிகமாக வரக்கூடும். எனவே இரத்தப் பரிசோதனையைத் தவறவிடலாகாது.

ஆனால், "உடம்பு தேறிவிட்டது" என்று தாமாகவே மருந்தை நிறுத்துவதுதான் பெருந்தீங்கு. பொருத்திய உறுப்பு அதனாலேயே பாழாகலாம். நெடுநாள் உண்ட பிரெட்னிசோலோனைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். காசநோய்க்குரிய ரிபாம்பிசின் போன்ற மருந்துகள் இவற்றின் வலுவைக் குறைக்கும். ஆதலால், திருத்தணி வட்டாரத்தார் எல்லை கடந்து நகரியிலோ புத்தூரிலோ வேறு வைத்தியரை நாடினாலும், மருந்துச் சீட்டை உடன் கொண்டு சென்று காட்ட வேண்டும். நாட்டு மருந்து உண்பதாயினும் முன்னதாக மருத்துவரைக் கேட்க வேண்டும்.

திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக்குப் பல்லாயிரவர் காவடியுடன் கூடுவர். இம்மருந்து உண்போர் அந்நெருக்கடியையும், பலரும் நீராடும் சரவணப் பொய்கையில் மூழ்குவதையும் தவிர்த்து, கூட்டம் குறைந்த நாளில் முருகனைத் தரிசிப்பது உசிதம்.

பஞ்சாயத்துகளுக்கும் இதில் கடமை உண்டு. மேல்நிலைத் தொட்டியைக் காலத்தில் கழுவிக் குளோரின் இடுதலும், கழிவுநீர் தேங்காது காத்தலும் எல்லோருக்கும் நன்மையே. உடற்காவல் தளர்ந்தவருக்கோ அவை உயிர்க்காவல். அத்தகையோர் நம் ஊரில் இருப்பின், அவர்களுடைய மருந்து ஒரு நாளும் தடைப்படாதிருக்க நாம் அனைவரும் துணை நிற்போமாக.