மூணு விரல் உள்ளே போகுதா?

ஹாஸ்டல் மெஸ். ஒன்பது மணி கிளாஸுக்கு இன்னும் அஞ்சு நிமிஷம். பொங்கலை அள்ளி வாயில் போட்டு அவசர அவசரமா மெல்லுறீங்க. திடீர்னு 'நறுக்'! கல்லு! நீங்க 'ஆ'னு கத்துறதுக்கு முன்னாடியே தாடை டக்குனு நின்னுடுச்சு, கவனிச்சிருக்கீங்களா?

அந்த ஆர்டரைப் போட்டது நீங்க இல்லை பாஸ். பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில், கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு நார்ப்படலம் இருக்கு. பல்லைப் பிடிச்சு வெச்சிருக்கிறதும் அதுதான். எவ்வளவு அழுத்தம் விழுதுனு மூளைத்தண்டுக்குப் போட்டுக் கொடுக்கிறதும் அதுதான்!

மெல்லுறதுன்னா சும்மா மேலே, கீழேனுதான் நானும் நினைச்சிருந்தேன். காதுக்கு முன்னாடி விரலை வெச்சுக்கிட்டு வாயைத் திறந்து மூடுங்க. ஒரு மூட்டு அசையுதா? அது கதவுக் கீல் மாதிரி சுழலுறதோட, முன்னாடியும் வழுக்கிட்டுப் போகும். அதனாலதான் தாடை பக்கவாட்டில் ஒதுங்கி அரைக்க முடியுது. கிட்டத்தட்ட நொடிக்கு ஒரு தடவை. தப்பிச்சு ஓடுற சோத்தை நாக்கும் கன்னமும் மறுபடி பல்லுக்கு நடுவில் தள்ளிவிடும். ஆட்டுக்கல்லில் மாவு தள்ளுற பாட்டி மாதிரி!

பாட்டினதும் பாக்குவெட்டி ஞாபகம் வருது. கொட்டைப்பாக்கை நுனியில் வெச்சா வெட்டாது; கீல் பக்கமா தள்ளினாதான் நறுக்குனு வெட்டும். வாயிலும் அதே மெக்கானிக்ஸ்தான் (எனக்கு அரியர் விழுந்த பேப்பர்!). கடைவாய்ப்பல் மூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதால அங்கே பலம் அதிகம். முழு பலத்தோட கடிச்சா 50 கிலோவைத் தாண்டும். முறுக்கை நீங்க கடைவாய்க்குத் தள்ளுறது அதனாலதான்.

இந்த மெஷின் எப்ப மக்கர் பண்ணும்? ஒரு பக்கம் சொத்தைன்னா மறுபக்கத்துக்கு ஓவர்டைம். 17 வயசிலிருந்து 25-க்குள் முளைக்கிற ஞானப்பல் இடம் இல்லாம முட்டினா ஒரு வாரம் கஞ்சிதான். இதெல்லாம் பல் டாக்டர்கிட்ட போனா சரியாகிடும். சரியாகாத ஒண்ணு இருக்கு. பாக்கு!

எங்க சீனியர் ஒருத்தர். செமஸ்டருக்குக் கண் விழிக்கணும்னு பாக்குப் பாக்கெட் பழகினவர். முதல்ல, காரம் சாப்பிட்டா வாய் எரியுதுன்னார். அப்புறம் பரோட்டாவைத் துணுக்குத் துணுக்காப் பிச்சு உள்ளே தள்ளினார். ஸ்டைல்னு நினைச்சு நாங்க கிண்டல் பண்ணினோம். வாய் திறக்கலைன்னு பிறகுதான் தெரிஞ்சது.

பாக்கில் இருக்கிற அரிக்கோலின், கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் நாரை அளவுக்கு மீறி உண்டாக்கும். ரப்பர் மாதிரி இருந்த கன்னம் தோல் வார் மாதிரி இறுகிடும். மூட்டும் தசையும் நல்லாவே இருக்கும். ஆனா கன்னம் வளைஞ்சு கொடுக்காது. இறுகினது முழுசாப் பழைய நிலைக்குத் திரும்பாது. சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறும். 'புகையிலைதானே தப்பு, வெறும் பாக்குதானே'ன்னு சொல்றவங்களுக்கு... உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2004-ல் வெளியிட்ட தொகுப்பில் வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகச் சேர்த்திருக்கு. 2013-ல் தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலாவுக்குத் தடையும் வந்தது. அதுக்கு அப்புறமும் பெட்டிக்கடையில் கண்ணைக் காட்டினா பாக்கெட் கைக்கு வந்ததை நானே பார்த்திருக்கேன்.

சரி, கையைக் கழுவிட்டு வாங்க. உங்க விரல் மூணைச் சேர்த்து, ஒண்ணு மேல ஒண்ணா வர்ற மாதிரி முன்பற்களுக்கு நடுவில் நுழைச்சுப் பாருங்க. சாதாரணமா மூணும் போகணும். ரெண்டுதான் போகுதா? இந்தப் பக்கத்தை மூடிட்டு பல் டாக்டரைப் பாருங்க.

சீனியருக்கு ஒண்ணரை விரல்தான் போச்சு. பாக்கை விட்டுட்டார். டாக்டர் சொன்னபடி தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு, ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வெச்சு, ஒவ்வொண்ணா கூட்டிக்கிட்டுப் போறார். போன மாசம் பதினொண்ணு. நேத்து பதிமூணாவது குச்சி உள்ளே போனதும் ரூம் முழுக்கக் கத்தினோம். அவரால சிரிக்க முடியலை, வாயில் குச்சி!