வண்டிக் கோளாறு: ஸ்கேனர் சொல்வது என்ன? நாம் செய்ய வேண்டியது என்ன?

ராஜபாளையத்திற்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டியுள்ள தளவாய்புரம், சேத்தூர், முகவூர் வட்டாரத்தில் நெல், கரும்பு, தென்னை, மா ஆகியவை முக்கியப் பயிர்களாகும். தேங்காயும் சப்பட்டை மாங்காயும் தோப்பிலிருந்து மண்டிக்குப் போவது இன்று பெரும்பாலும் சிறிய லோடு வண்டிகளில்தான். தளவாய்புரத்தில் தைக்கப்படும் நைட்டி மூட்டைகளும் இதே வண்டிகளில்தான் வெளியூர் போகின்றன. மாங்காய் சீசனில் இரண்டு நாள் வண்டி நின்றுவிட்டால் பறித்த காய் பழுத்து விலை இறங்கிவிடும். எனவே வண்டியின் கோளாறைச் சரியாகவும் சீக்கிரமாகவும் கண்டுபிடிப்பது விவசாயிக்கும் அவசியமான காரியமாகி விட்டது.

முன்பெல்லாம் பட்டறைக்காரர் காதால் கேட்டு, கையால் தொட்டு, புகையின் நிறத்தைப் பார்த்துக் கோளாறைச் சொல்லி விடுவார். இன்றைய வண்டிகளில் டீசல் எவ்வளவு போக வேண்டும், எப்போது போக வேண்டும் என்பதை ஒரு சிறு கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. என்ஜினைச் சுற்றியுள்ள பல சென்சார்கள் அதற்குச் செய்தி அனுப்புகின்றன. ஏதேனும் ஒரு செய்தி முறை தவறினால் டாஷ்போர்டில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு எரியும். காரணம் கம்ப்யூட்டரில் குறியீடாகப் பதிவாகும். அந்தக் குறியீட்டைப் படிக்கும் கருவிதான் ஸ்கேனர். பல கம்பெனி வண்டிகளுக்கும் ஒரே கருவியாகப் பயன்படுவது 'மல்டி பிராண்டு' ஸ்கேனர் ஆகும்.

ஒரு அனுபவம்

இதை எழுதுபவரின் சொந்த அனுபவம் ஒன்றை இங்கே கூறுவது பொருந்தும். மாங்காய் ஏற்றிய வண்டி ஒன்று செங்கோட்டையைத் தாண்டி மலைப்பாதையில் ஏறும்போது இழுவை குறைந்து விட்டது. என்ஜின் விளக்கு எரிந்தது. எவ்வளவு அழுத்தினாலும் வேகம் எழவில்லை. என்ஜினுக்குச் சேதம் வராமலிருக்கக் கம்ப்யூட்டர் தானாகவே சக்தியைக் குறைத்து விட்டது. 'லிம்ப் மோடு' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

முதலில் பார்த்த பட்டறையில் ஸ்கேனர் போட்டார்கள். பி 0087 என்று வந்தது. டீசல் ரெயிலில் அழுத்தம் குறைவு என்பது அதன் பொருள். உடனே ஹை பிரஷர் பம்பை மாற்ற வேண்டும் என்றார்கள். அதன் விலை பல ஆயிரம் ரூபாய்.

இரண்டாவதாகப் பார்த்த மெக்கானிக் குறியீட்டோடு நிற்கவில்லை. வண்டி ஓடும்போதே ரெயில் அழுத்தத்தைத் திரையில் கவனித்தார். சும்மா நின்று ஓடும்போது கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் ஏறக்குறைய 300 பாரில் ஒத்திருந்தன. லோடுடன் மேட்டில் ஏறியபோது கம்ப்யூட்டர் 1000 பாருக்கு மேல் கேட்டது. கிடைத்ததோ மிகவும் குறைவு. டீசல் தேவை கூடும்போதுதான் வரத்து போதவில்லை என்று இதிலிருந்து தெரிந்தது. பம்பைத் தொடும் முன் டீசல் பில்டரைக் கழற்றினார். உள்ளே தண்ணீரும் கசடும் நிறைந்திருந்தன. தோப்பில் பம்ப்செட்டிற்காகப் பீப்பாயில் வைத்திருந்த டீசலை அவசரத்திற்கு வண்டியில் ஊற்றியதன் விளைவு அது. பில்டரை மாற்றி, டாங்கையும் சுத்தம் செய்தபின் அந்தக் குறியீடு திரும்ப வரவில்லை.

இரண்டு பட்டறைகளிலும் கருவி சொன்னது ஒன்றுதான். புரிந்துகொண்ட விதம்தான் வேறு.

குறியீடு நோயல்ல, அறிகுறி

நெற்பயிரின் இலை மஞ்சளாவதை எடுத்துக் கொள்வோம். தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். துத்தநாகக் குறைவாக இருக்கலாம். தண்ணீர் தேங்கி வேர் அழுகியிருக்கலாம். மஞ்சளைக் கண்டவுடன் யூரியா மூட்டையைப் பிரிப்பவர் பல சமயம் பணத்தை வீணாக்குகிறார். ஸ்கேனர் குறியீடும் அப்படித்தான். எந்த இடத்தில் குறை தென்படுகிறது என்று மட்டுமே அது சொல்லும். எந்த உறுப்பை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. பி 0087 வந்தால் பில்டர் அடைப்பு, டீசல் குழாயில் காற்றுக் கசிவு, அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு, இன்ஜெக்டரில் திரும்பும் டீசல் அதிகமாதல், பம்ப் தேய்மானம் என ஐந்து காரணங்கள் இருக்கலாம். செலவு குறைந்ததிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்ப்பதே முறை.

எல்லாக் கம்பெனிக்கும் ஒரே சாக்கெட்

ஒரு காலத்தில் ஒவ்வொரு கார் கம்பெனியும் தனித்தனி சாக்கெட்டும் தனித்தனி குறியீடும் வைத்திருந்தது. புகை மாசைக் கட்டுப்படுத்துவதற்காக அமெரிக்காவில் 1996 மாடல் முதல் எல்லாக் கார்களுக்கும் பொதுவான முறை கட்டாயமாக்கப்பட்டது. இதற்கு ஓ.பி.டி. இரண்டு என்று பெயர். நம் நாட்டில் நான்கு சக்கர வண்டிகளில் 2010 ஏப்ரலில் முதற்கட்டமாகவும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமாகவும் இம்முறை வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி அமலானபின் சென்சார்களின் எண்ணிக்கை இன்னும் கூடிவிட்டது.

ஓ.பி.டி. இரண்டு முறையில் சாக்கெட் 16 முனைகள் கொண்டது. பெரும்பாலும் ஸ்டியரிங்கின் கீழே இருக்கும். என்ஜின், கியர் சம்பந்தப்பட்ட குறியீடுகள் 'பி' எழுத்தில் தொடங்கும். பிரேக் முதலியவற்றுக்கு 'சி'. வண்டியிலுள்ள கம்ப்யூட்டர்களுக்கிடையே தொடர்பு அறுந்தால் 'யு'. எழுத்துக்கு அடுத்த எண் 0 ஆனால் அது பெரும்பாலும் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான குறியீடு; 1 ஆனால் அந்தக் கம்பெனிக்கே உரியது. ஆகவே பி 1 என்று தொடங்கும் குறியீட்டுக்கு, வண்டியின் கம்பெனியையும் மாடலையும் கருவியில் சரியாகத் தேர்ந்தெடுத்த பிறகே பொருள் பார்க்க வேண்டும்.

சோதிக்கும் முறை

முதலில் பாட்டரியைப் பார்க்கவும். என்ஜின் நின்றிருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருந்தால் பாட்டரி முழுச் சார்ஜில் உள்ளது. என்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். பாட்டரி பலவீனமானால் சம்பந்தமில்லாத பல குறியீடுகள் ஒன்றாக வந்து ஆளைக் குழப்பும்.

இரண்டாவதாக, வந்துள்ள எல்லாக் குறியீடுகளையும் ஒரு தாளில் எழுதிக் கொள்ளவும். குறியீடு பதிவான நேரத்தில் வண்டியின் வேகம், என்ஜின் சுற்று, வெப்பம் ஆகியவை எவ்வளவு இருந்தன என்பதையும் கம்ப்யூட்டர் சேமித்து வைத்திருக்கும். அதையும் எழுதவும். எழுதாமல் குறியீட்டை அழித்து விடுவது, தடயத்தைக் கழுவி விடுவது போலாகும்.

மூன்றாவதாக, என்ஜின் பகுதியைக் கண்ணால் பார்க்கவும். தோப்பு வீட்டிலும் களத்து ஓரத்திலும் நிற்கும் வண்டிகளில் எலி வயரைக் கடிப்பது சாதாரணம். குறியீட்டின் விளக்கத்தில் 'சர்க்யூட்' என்ற சொல் இருந்தால் சென்சாரை மாற்றும் முன் வயரையும் இணைப்பையும் சோதிப்பது நலம். உதாரணமாக, உள்ளே வரும் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரின் வயர் அறுந்தால் பி 0113 குறியீடு வரும். திரையில் வெப்பம் மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். தளவாய்புரத்தில் மார்கழியில்கூட அப்படிக் குளிராது என்பது நமக்குத் தெரியும்!

நான்காவதாக, ஓடும்போது கிடைக்கும் அளவுகளைப் பார்க்கவும். இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் சாவியை மட்டும் திருப்பிப் பார்த்தால் என்ஜின் தண்ணீரின் வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மிகுந்த வித்தியாசம் இருந்தால் இரண்டில் ஒரு சென்சார் தவறாகச் சொல்கிறது. நன்றாகச் சூடேறிய என்ஜினில் தண்ணீர் வெப்பம் பொதுவாக 80 முதல் 95 டிகிரி வரை இருக்கும்.

பழுது பார்த்து முடிந்த பின்னரே குறியீட்டை அழிக்க வேண்டும். பிறகு லோடுடன் ஓட்டி, மறுபடி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆபத்தான பழைய பழக்கம்

பழைய டீசல் என்ஜினில் எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய, ஓடும்போதே இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது வழக்கம். காமன் ரெயில் என்ஜினில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. அதில் அழுத்தம் 1600 பாருக்கு மேலும் போகும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கி விடும். கையையே இழக்க நேரலாம். அப்படி நேர்ந்தால், காயம் சிறியதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிலிண்டர் சோதனையை ஸ்கேனர் மூலமே செய்யலாம். புது இன்ஜெக்டர் போடும்போது, பல வண்டிகளில் அதன் மேல் அச்சிட்டுள்ள எண்ணை ஸ்கேனர் வழியாகக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

யூரியா பற்றி ஒரு எச்சரிக்கை

பி.எஸ். 6 டீசல் வண்டிகள் சிலவற்றில் புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசல் ஊற்றுகிறார்கள். இதில் 32.5 சதம் மிகத் தூய யூரியாவும், மீதம் தாது நீக்கிய தண்ணீரும் இருக்கும். வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் சிக்கனம் என்று சிலர் எண்ணலாம். இது பெருந்தவறு. நம் நாட்டில் உர யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசப்படுகிறது. வேறு கலப்புகளும் அதில் உண்டு. அது தெளிப்பானை அடைத்து, விலை உயர்ந்த வினையூக்கியையும் கெடுத்து விடும்.

அதுபோல் டி.பி.எஃப். எனப்படும் கரி வடிகட்டி உள்ள வண்டிகள் குறுகிய தூரமே ஓடினால் கரி அடைத்துக் கொள்ளும். அதை எரித்துச் சுத்தம் செய்யும்போது உள்ளே வெப்பம் 600 டிகிரி அளவுக்கு ஏறும். ஸ்கேனர் மூலம் இவ்வேலையைச் செய்யும்போது வண்டியின் கீழே வைக்கோலோ காய்ந்த தென்னை மட்டையோ இல்லாமல் பார்த்துக் கொள்ள வேண்டும்.

டிராக்டருக்கு உதவுமா?

நம் பகுதியில் ஓடும் டிராக்டர்களில் பெரும்பாலானவை 50 எச்.பி.க்குக் குறைந்தவை, இவற்றில் சாதாரணப் பம்புதான் உள்ளது. இவற்றில் ஸ்கேனருக்கு வேலையில்லை. பழைய மெக்கானிக்கின் அனுபவமே போதும். 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் புதிய புகை விதி வந்துள்ளது. இவற்றில் காமன் ரெயில் என்ஜின் வருவதால் ஸ்கேனர் தேவைப்படும். பெரிய வண்டிகளிலும் டிராக்டர்களிலும் 9 முனை கொண்ட வட்டச் சாக்கெட் இருக்கலாம்; காருக்கு மட்டுமான கருவி இதற்குப் பொருந்தாது.

எந்தக் கருவி வாங்கலாம்?

சாக்கெட்டில் செருகி, செல்போனில் பார்க்கக்கூடிய சிறு கருவிகள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. பொதுவான குறியீடுகளைப் படிக்க இவை போதும். பிரேக், ஏர்பேக், இன்ஜெக்டர் எண் ஏற்றுதல் போன்ற வேலைகளுக்குப் பட்டறையில் வைக்கும் மல்டி பிராண்டு கருவி வேண்டும். அதன் விலை பல ஆயிரங்களிலிருந்து லட்ச ரூபாயைத் தாண்டியும் போகும். வாங்கும் முன், நம் ஊரில் அதிகம் ஓடும் வண்டிகளின் மாடல்கள் அதில் உள்ளனவா, ஆண்டுதோறும் புதுப்பிக்க எவ்வளவு கட்டணம் என்று கேட்டறிய வேண்டும். சாவி பதிவு போன்ற சில வேலைகளுக்குச் சில வண்டிகளில் கம்பெனியின் சொந்தக் கருவி தேவைப்படலாம். வாரண்டி உள்ள வண்டியைக் கம்பெனி சர்வீசிலேயே காட்டுவது நல்லது.

தனி ஒரு விவசாயி பெரிய கருவியை வாங்க வேண்டியதில்லை. உழவர் உற்பத்தியாளர் குழுவினர் சேர்ந்து ஒன்றை வாங்கி, ஊரில் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்துப் பயன்படுத்தலாம். பழைய வண்டி வாங்கும்போதும் ஸ்கேனர் உதவும். விற்பவர் முந்தின நாளே குறியீட்டை அழித்திருந்தால், அழித்தபின் வண்டி எவ்வளவு கிலோமீட்டர் ஓடியது என்பதைப் பல வண்டிகளில் பார்த்து விடலாம்.

என்ஜின் விளக்கு எரிந்து பட்டறைக்குப் போகும் விவசாய அன்பர்கள் மூன்று கேள்விகளை மறக்காமல் கேட்க வேண்டும். என்ன குறியீடு வந்தது? அது வந்ததற்கு எந்தெந்தக் காரணங்கள் இருக்கலாம்? மாற்றச் சொல்லும் சாமானைத்தான் குற்றவாளி என்று எந்தச் சோதனையால் முடிவு செய்தீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு பணத்தை எடுத்தால் செலவும் மிச்சம், சீசனும் தப்பும்.