இரத்தத்தில் ஊறிய குற்றமா?

லாச்சப்பல் கடைத்தெருவில் இளைஞர் குழு மோதலைப் பற்றிப் பேச்செழுந்தால், சம்பந்தப்பட்ட பையனின் தகப்பன் யார், எந்த ஊரவர் என்ற விசாரணையும் கூடவே எழும். "விரையொன்று போடச் சுரையொன்று முளைக்குமா?" என்று ஒருவர் தீர்ப்பளிப்பார். பையனின் தமக்கைக்குப் பேசிய சம்பந்தமும் அத்துடன் குழம்பிவிடும்.

பரம்பரைக்குப் பங்கே இல்லையென்று நாம் வாதாட வரவில்லை. டென்மார்க்கில் 1924 முதல் 1947 வரை தத்துக் கொடுக்கப்பட்ட 14,427 பேரின் பதிவுகளை ஆராய்ந்து, மெட்னிக் என்பவரும் சகாக்களும் 1984இல் முடிவுகளை வெளியிட்டனர். பெற்றவரும் வளர்த்தவரும் குற்றமற்றவராயிருந்த ஆண்மக்களில் நூற்றுக்கு 13.5 பேர் தண்டனை பெற்றிருந்தனர். பெற்றவர் மட்டும் குற்றவாளியாயின் 20 பேர். அத்தொடர்பும் களவு போன்ற சொத்துக் குற்றங்களிலேயே தென்பட்டது. வன்முறையில் அவ்வாறு தென்படவில்லை. வாள்வெட்டுக்குப் பரம்பரையைச் சாட்சிக்கழைக்கும் நம்மவர் கவனிக்கவேண்டிய இடம் இது. தவிர, குற்றவாளிக்குப் பிறந்த நூற்றுவரில் எண்பதின்மர் தண்டனை எதுவுமின்றியே வாழ்ந்திருக்கின்றனர்.

ஆங்கில ஆட்சியாளர் இவ்வாறெல்லாம் எண்ணிப் பார்க்கவில்லை. 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றி, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் அதை விரிவாக்கினர். மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர் பிறப்பினாலேயே சந்தேகத்துக்குரியவராயினர். ஆண்கள் கைரேகை பதியவேண்டும். இரவில் காவலரின் கண்பார்வையில் உறங்கவேண்டும். மக்கள் இதனை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். 1920 ஏப்ரல் 3ஆம் திகதி, ரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது பொலிசார் சுட்டனர். மாண்டவர்களுள் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் இச்சட்டம் நீங்க 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

உரிமைப் பிரகடனம் பிறந்த இந்நாடும் இதற்கு விலக்கல்ல. 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இங்குள்ள நாடோடி மக்கள், உடலளவுகளும் கைரேகையும் புகைப்படமும் கொண்ட ஒரு கையேட்டைச் சுமந்து திரிந்தனர். குற்றவாளிகளை அடையாளங்காண பாரிஸ் பொலிஸ் அதிகாரி பெர்த்தியோன் வகுத்த அளவுமுறை, குற்றமே செய்யாத குடும்பங்கள்மீதும் பாய்ந்தது. அக்கையேடு 1969இல்தான் ஒழிந்தது.

புகலிடம் கேட்டு வந்து விரல்களைப் பதித்த நமக்கு அந்த உணர்வு புதிதன்று. ஆயினும் சென்ற கிழமை, மேலே சொன்ன பையனின் தம்பி வேலை கேட்டு ஒரு கடைக்குச் சென்றபோது நாமும் அங்கே நின்றோம். என்ன வேலை தெரியும் என்று முதலாளி கேட்கவில்லை.

"தம்பி, நீர் ஆற்றை மகன்?" என்றார்.