பள்ளக்காட்டுக்குப் போகும் பை

நான் சிறுவனாக இருந்த காலத்தில் ஊர்க்குறை மேலிடம் போக ஒரே வழி மகஜர்தான். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முன்றலில் பெரியவர்கள் கூடுவார்கள், எழுத்து அழகான மாஸ்டர் ஒருவர் எழுதித் தருவார், கையொப்பத்துக்காக அந்தத் தாள் வீடு வீடாய் நடக்கும். சாய்ந்தமருதுத் தோணா ஓடை நாறிக் கிடந்தபோதும் அப்படித்தான். பதில் வருவதற்குள் இரண்டு மாரி கடந்துவிடும்.

இன்று தோணாக் கரையில் நின்று ஒரு பிள்ளை பேஸ்புக்கில் நேரலை போடுகிறான். இஷா தொழுகைக்கு முன்பே கத்தாரில் இருக்கும் காக்காமார் கேள்வி கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். அடுத்த சனிக்கிழமை துப்புரவுக்கு வாட்ஸ்அப்பிலேயே ஆள் சேர்ந்துவிடுகிறது. எனக்கு இதில் உண்மையான பெருமை உண்டு.

ஆனாலும் எங்களை உலுக்கிய படம் வெளியூரிலிருந்து வந்தவர் எடுத்தது. ஒலுவிலை அடுத்த அஷ்ரஃப் நகர் குப்பைமேட்டில் காட்டு யானைகள் பொலித்தீனைக் கிளறித் தின்பதை யாழ்ப்பாணப் புகைப்படக் கலைஞர் தர்மபாலன் திலக்சன் பதிவு செய்தார். 2020இல் அந்தப் படங்கள் இணையத்தில் உலகம் சுற்றின. குப்பை யாருடையது? கல்முனை, சம்மாந்துறை, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு. முஸ்லிம் ஊர், தமிழ் ஊர் என்ற பேதம் அந்த மேட்டில் இல்லை. சுற்றியிருந்த மின்வேலி 2014இல் இடி விழுந்து பழுதானது, திருத்தப்படவில்லை. 2022 ஜனவரியில் அந்தக் குப்பைமேடு இருக்கும் பள்ளக்காட்டில் இன்னும் இரண்டு யானைகள் இறந்து கிடந்தன. எட்டு வருடத்தில் இருபது வரை போய்விட்டதாக அப்போது கணக்குச் சொன்னார்கள். வயிற்றைப் பிரித்துப் பார்த்தால் பொலித்தீனும் உணவு சுற்றிய தாள்களும்தான் இருந்தன.

மூத்தம்மா சந்தைக்குப் பன் பையோடு போய் வந்தவ. சோற்றுப் பார்சல் வாழையிலையில் கட்டிய காலம் அது. லஞ்ச் சீட்டும் சொப்பிங் பேக்கும் எங்கள் கண் முன்னால்தான் வீட்டுக்குள் நுழைந்தன. 2017இல் மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து மனிதர்கள் புதைந்த பிறகுதான் நாட்டில் லஞ்ச் சீட்டுக்குத் தடை வந்தது. தடை வந்த பிறகும் எங்கள் கடைத்தெருவில் பொலித்தீன் முழுதாய் ஒழியவில்லை.

போன மாதம் மச்சானின் மகன் ஒருவன், யானைகளை வீடியோ எடுக்கப் பள்ளக்காடு போவதாகச் சொன்னான்.

“யான ஓடிடாது மகன். நம்ம வீட்டுப் படலயில இருந்து எடுங்களன்,” என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். மறுநாள் விடிய, குப்பை ட்ரக்டர் வரும் முன்பே படலையில் போனோடு நின்றான். உம்மா கொண்டுவந்த பையை வாங்கி, முடிச்சை அவிழ்த்து, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பினான். அதைத்தான் முதலில் எடுத்தான்.