நோயை மோந்த சிப்பிப்பாறை

நெய்வேலி டவுன்ஷிப்பில் காலை நடைக்கு நாயோடு வருபவர்களைக் கேட்டால் லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு என்று பெருமையாகச் சொல்வார்கள். நாட்டு நாய்க்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. ஆனால் 2021 பிப்ரவரியில் டெல்லியில் இந்திய ராணுவம் கொரோனாவைக் கண்டுபிடிக்கும் நாய்களை அறிமுகப்படுத்தியபோது, காஸ்பர் என்ற காக்கர் ஸ்பானியலோடு நின்றவை ஜெயா, மணி என்ற இரண்டு சிப்பிப்பாறைகள். கரிசல் காட்டில் முயல் விரட்டி வளர்ந்த இனம்!

சிப்பிப்பாறை கண்ணையும் காலையும் நம்பி வேட்டையாடும் நாய். அதற்கும் மூக்கு இவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

வைரஸை நாய் மோப்பம் பிடிப்பதில்லை. நோய் வந்த உடம்பில் வேதிமாற்றம் நடந்து, ஆவியாகும் சில பொருள்கள் வியர்வையிலும் சிறுநீரிலும் கலக்கின்றன. அந்த வாடைக்குத்தான் நாயைப் பழக்குகிறார்கள். மாதிரிகளை வரிசையாக வைத்தால், நோயுள்ளதன் அருகில் நாய் உட்கார்ந்துவிடும்.

நாயின் மூக்கைக் கிட்டத்தில் பாருங்கள். துவாரத்தின் ஓரத்தில் ஒரு பிளவு இருக்கும். விடும் மூச்சு அதன் வழியே பக்கவாட்டில் போய்விடும். முன்னால் இருக்கும் வாடை கலைவதில்லை. உள்ளே போகும் காற்றில் ஒரு பங்கு நுரையீரலுக்குப் போகாமல் மோப்ப அறைக்கே போகிறது. அங்கே மோப்ப செல்கள் 30 கோடி வரை இருக்கும். நமக்கு ஏறத்தாழ 50 லட்சம்.

நாய் நோயைக் காட்டுவது கொரோனாவோடு தொடங்கியதல்ல. 1989இல் லான்செட் இதழில் லண்டன் மருத்துவர்கள் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். காலில் இருந்த ஒரு மச்சத்தை மட்டும் அவருடைய நாய் விடாமல் முகர்ந்தது. அது தோல் புற்றுநோய். 2004இல் இங்கிலாந்தில் நடந்த சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஆய்வில் நாய்கள் 54 முறையில் 22 முறை சரியாகச் சொன்னன. குருட்டாம்போக்கில் 7க்கு ஒன்றுதான் சரியாகும். நோயில்லை என்று சேர்த்திருந்த ஒருவரின் மாதிரியை நாய்கள் திரும்பத் திரும்பக் காட்டின. மறுபரிசோதனையில் அவருக்குச் சிறுநீரகப் புற்று இருந்தது.

ஆனாலும் 54இல் 32 முறை தவறியதையும் மறக்கக் கூடாது. வீட்டு நாய் உங்கள் உடம்பில் ஒரே இடத்தை நாள்கணக்கில் முகர்ந்தால் விரட்டாதீர்கள், அந்த இடத்தை டாக்டரிடம் காட்டுங்கள். நாய் கண்டுகொள்ளவில்லை என்று பரிசோதனையைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.